ஐந்தாம் இடத்துக் குச்சிகள்

ஜூன் 14

தம்பி மகளுக்கு அத்தை எழுதுவது.

இங்கே நான் நலம். நலம் என்றால், முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. நடுவில் நான் நலம். விடுதியில் உனக்குத் தூக்கம் வருகிறதா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எழுதினால் பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

முதுகலையின் கடைசி ஆறு மாத ஆய்வுக்கு நன்னீர் உயிரியல் துறையில் உனக்கு இடம் கிடைத்த செய்தி எனக்கு மூன்றாம் ஆள் வழியாகத்தான் வந்தது. இருக்கட்டும். முப்பத்தொரு வருஷம் நான் உட்கார்ந்த துறை அது. மேல்மாடி ஆய்வுக்கூடத்தில் ஜன்னலோரம் ஒரு நீள மேசை இருக்கும். அதன் இடது மூலையில் பலகை தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். என் முழங்கை ஊன்றிய பள்ளம். ஆற்றிலிருந்து வாளியில் வரும் சேற்றைச் சல்லடையில் அலசி, வெள்ளைத் தட்டில் பரப்பி, உள்ளே இருக்கும் பூச்சி புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சீசாவில் போடுவது என் வேலை. பதவியின் பெயர் பிரித்தெடுப்பவர். "அரிசியில கல் பொறுக்கறதுக்கு சம்பளமா அக்கா?" என்று உன் அப்பன் கேலி செய்வான். கல் பொறுக்குகிறவளுக்குக் கல் ஒன்று தெரிந்தால் போதும். எனக்கு நூற்றுப்பன்னிரண்டு வகை தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள், சீசாவின் லேபிளைப் பார்த்தே ஆங்கில எழுத்துப் பழகியவள். பெரிய சாரே ஒருமுறை இரண்டு நத்தையை மாற்றிச் சொன்னார். "ஓடு எந்தப் பக்கம் திறக்குதுன்னு பாருங்க சார்" என்று காட்டினேன். பார்த்தார். திருத்திக்கொண்டார். யார் காட்டியது என்று எழுதவில்லை.

அந்த ஆற்றைப் பற்றி அவர் பதினான்கு கட்டுரையும் ஒரு புத்தகமும் எழுதினார். எல்லாவற்றிலும் கடைசி வரி "துறை ஊழியர்களுக்கு நன்றி." துறை ஊழியர் என்றால் வாசல் காவலாளியும் சேர்த்தி.

உனக்கு வழிகாட்டியாக வந்திருக்கும் மேடம் பெரிய சாரின் மாணவி. முதல் வருஷம் சல்லடையைத் தலைகீழாகப் பிடித்தவள். மரியாதையாக நடந்துகொள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

நல்லபடியாகப் படி.
அத்தை


ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால்கள் சமாதானமாகப் போய்விட்டனவா? விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சேற்று மாதிரியைப் போன்றது. பொறுக்கித்தான் சாப்பிட வேண்டும்.

மேசையைப் பார்த்தேன். பள்ளத்தில் என் முழங்கையை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. எனக்குக் கை நீளம்.

என் ஆய்வுத் தலைப்பு முடிவாகிவிட்டது. பெரிய சார் ஆற்றில் சேறு எடுக்க எட்டு இடங்களைக் குறித்திருந்தாரே, அதில் ஐந்தாம் இடம், பாலத்துக்குக் கீழே. அங்கே அழுக்கில் வாழும் செம்புழுவைத் தவிர ஒன்றுமில்லை, அது "உயிர் வளமற்ற பகுதி" என்று அவர் அறிக்கை சொல்கிறது. அதை நம்பித்தான் தோல் பட்டறைகளின் கழிவுக் குழாயை அந்த இடத்தில் திறக்க அனுமதி கொடுத்தார்கள். இப்போது இரண்டாவது குழாய் கேட்கிறார்கள். டிசம்பரில் ஒரு குழு விசாரிக்கப்போகிறது. "அங்கே எப்போதுமே எதுவும் இருந்ததில்லை, இனிக் கெடுவதற்கு என்ன இருக்கிறது?" என்பது பட்டறைக்காரர்களின் வாதம்.

இப்போது உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அடித்தளத்து அறையில் உங்கள் கையெழுத்து லேபிளோடு இருபது ஜாடிகள் கிடக்கின்றன! நீங்கள் பொறுக்கிய பிறகு தட்டில் மிஞ்சிய குப்பை. உயிரிகள் அழுகாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலினைக் கொட்ட யாரும் கையெழுத்துப் போடாததால் தூக்கி எறியாமல் விட்டிருக்கிறார்கள். சும்மா ஒன்றைத் திறந்து, குச்சி போலக் கிடந்த ஒன்றை ஊசியால் கீறினேன். உள்ளே புழு. மணலையும் சருகுத் துணுக்கையும் தன் வாய்நூலால் ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள்ளேயே வாழும் புழு. சுத்தமான தண்ணீரில் மட்டும்தான் அது தங்கும். ஒரே ஜாடியில் நாற்பத்தொன்று.

ஜாடி ஐந்தாம் இடத்துடையது, அத்தை.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அந்த நாளில் தட்டிலிருந்து எதையெல்லாம் குப்பை என்று ஒதுக்கச் சொல்லியிருந்தார்கள்?

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
மருமகள்


ஜூலை 11

தம்பி மகளுக்கு,

கடிதம் வந்தது. முழங்காலுக்குத் தைலம் மாற்றியிருக்கிறேன். நீ சாப்பாட்டைக் கேலி செய்யாமல் நேரத்துக்குச் சாப்பிடு. பசியோடு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால் தலை சுற்றும். ஈரக் கையோடு விளக்கு ஸ்விட்சைத் தொடாதே, அந்தக் கட்டடத்தின் வயரிங் என்னைவிட மூத்தது. சல்லடையை வெந்நீரில் கழுவாதே.

ஜாடிகளை யார் யாரோ தொட்டிருப்பார்கள். நான் ஓய்வு பெற்று வந்து நாலு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் பாடத்துக்கு எடுத்துக் கலக்கியிருப்பார்கள். உன் வீடுதூக்கி நாலு எங்கிருந்தோ வந்து விழுந்திருக்கும். ஒரு ஜாடியைப் பார்த்துவிட்டுக் குதிக்காதே.

என் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை. கடுகைவிடச் சின்னதைத் தட்டில் பார்த்தவள் நான். இதை உன் மேடத்திடமும் சொல்லலாம்.

உடம்பைக் கவனி.
அத்தை


ஆகஸ்ட் 9

அன்புள்ள அத்தைக்கு,

தைலம் கேட்கிறதா? இங்கே மழை. ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுகி நான்கு வாளி வைத்திருக்கிறோம். சேறு எடுக்கும் வாளிகள்தான்.

இருபது ஜாடியையும் முடித்துவிட்டேன். யாரும் கலக்கவில்லை, மூடியில் நீங்கள் ஊற்றிய மெழுகு உடையாமல் இருந்தது. ஐந்தாம் இடத்து ஜாடி எல்லாவற்றிலும் அந்தப் புழு. மொத்தம் ஆயிரத்து எழுபது. அந்த மணலில் வேறு எதுவும் அதிகம் தங்காதாம். அங்கே பெருவாரியாக இருந்ததே இதுதான். ஆறு அந்த இடத்தில் உயிரோடு இருந்திருக்கிறது, அத்தை. இதைக் குழுவின் முன்னால் வைத்தால் இரண்டாவது குழாய் நிற்கும்.

உங்கள் மேல் பழி போடுவதாக நினைக்காதீர்கள். ஃபார்மலினில் செத்து, கூட்டுக்குள் சுருண்டு கிடப்பதை யாராலும் குச்சி என்றுதான் சொல்ல முடியும். நானும் ஊசியால் கீறியதால்தானே கண்டேன்.

இரண்டு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. ஜாடிகள் முதல் ஐந்து வருஷத்தோடு நின்றுவிடுகின்றன. ஆறாம் வருஷத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. ஏன்?

இன்னொன்று. நான் "கூடு கட்டும் புழு" என்றுதான் எழுதினேன். நீங்கள் "வீடுதூக்கி" என்று எழுதியிருக்கிறீர்கள். செத்துக் கிடப்பதை மட்டும் பார்த்தவருக்கு, அது வீட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும் என்று எப்படித் தெரியும்?

அன்புடன்
மருமகள்


அக்டோபர் 3

தம்பி மகளுக்கு,

பதில் எழுதத் தாமதம். காய்ச்சல் வந்து போனது. பிறகு கண்ணாடி உடைந்தது. பிறகு கடைக்காரன் வேறு யாருடைய கண்ணாடியையோ கொடுத்து, ஒரு வாரம் தெருவெல்லாம் சாய்ந்து தெரிந்தது. இப்போது நலம். உனக்கு மழையில் சளி பிடிக்கவில்லையே?

பெரிய சாரின் ஓய்வு நாள் நினைவுக்கு வந்தது. மேடையில் அவர், பக்கத்தில் உன் மேடம், இரண்டு துணைவேந்தர்கள். ஆற்றின் கண்கள் என்று அவரைப் புகழ்ந்தார்கள். நான் நாற்காலி தூக்கினேன். கூட்டம் முடிந்து அவர் என்னைத் தாண்டிப் போகும்போது, "என்னம்மா, எல்லாருக்கும் டீ வந்துச்சா?" என்று கேட்டார். இருபத்தைந்து வருஷம் அவர் எழுதிய ஒவ்வொரு எண்ணும் இந்த இரண்டு விரல் இடுக்கிக்குள் இருந்து போனது. டீ வந்துச்சா!

ஜாடியை நிறுத்தியது அலமாரியில் இடம் இல்லாததால். வேறொன்றும் இல்லை. அந்த வருஷம்தான் எனக்கு வேலை நிரந்தரமாகி உத்தரவு வந்தது; வேலைப் பளுவும் கூடியது. பெயரெல்லாம் யார் யாரோ சொல்லிக் காதில் விழும்.

அத்தை


அக்டோபர் 20

அன்புள்ள அத்தைக்கு,

காய்ச்சல் முழுவதும் விட்டதா? உங்கள் கண்ணாடிக் கதையை அறைத் தோழிகளுக்குப் படித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

அடித்தளத்தில் இன்னும் மூன்று அலமாரி காலியாக இருக்கின்றன, அத்தை. தூசு படிந்திருக்கிறது, ஜாடி வைத்த வட்டம் ஒன்றுகூட இல்லை.

நான் உங்களை மடக்கவில்லை. மேடம் நெருக்குகிறார். "அவ்வளவு புழு எப்படி விட்டுப்போச்சுன்னு ஒரு காரணம் எழுதணும். இல்லேன்னா மொத்தமும் நிக்காது" என்கிறார். அன்றைய விதிமுறை எந்தத் தாளிலும் இல்லை. தெரிந்தவர் உயிரோடு ஒருவர்தான். பெரிய சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். "இன்னதை ஒதுக்கச் சொன்னார்கள், நான் ஒதுக்கினேன்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். போதும். நவம்பர் இருபதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

கெஞ்சிக் கேட்கும்
மருமகள்


அக்டோபர் 27

நலம். நீயும் நலமாக இரு.

இதைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

அத்தை


நவம்பர் 24

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இருப்பதாகச் சொல்ல முடியவில்லை. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "ஐந்தாம் இடத்து மாதிரிகளில் இவ்வுயிரி பதிவாகாமல் போனதற்கு, பயிற்சியற்ற கீழ்நிலை ஊழியர் ஒருவரின் பிரித்தெடுப்புப் பிழையே காரணம்."

மேடம் சொல்லி எழுதியது. கை என்னுடையதுதான். பெயர் போடவில்லை, அத்தை. யாருக்கும் அது நீங்கள் என்று தெரியாது. தெரியாமல் செய்தது என்று எழுதிவிட்டால் உங்கள் மேல் ஒரு குற்றமும் வராது என்றுதான் ஒத்துக்கொண்டேன். உங்களிடமிருந்து ஒரு வரி வந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

திட்டியாவது எழுதுங்கள்.

மருமகள்


நவம்பர் 28

தம்பி மகளுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

முப்பத்தொரு வருஷத்தில் அச்சில் எனக்கு வந்த முதல் வரி இது. வாசித்தேன். பயிற்சியற்ற. கீழ்நிலை. என் தம்பியின் மகள் எழுதியது.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நிதானமாகப் படி.

குச்சி, மணல், சருகு எல்லாம் வெளியே. உடம்பு உள்ளது மட்டும் உள்ளே. முதல் நாள் பெரிய சார் சொன்ன விதி அது. ஆற்றங்கரையிலேயே வாளியில் ஃபார்மலின் ஊற்றிவிடுவார்கள். எனக்கு வருவதெல்லாம் செத்து வரும். ஐந்து வருஷம் அப்படியே ஒதுக்கினேன். அந்த ஐந்து வருஷமும் எனக்குத் தெரியாது. ஆறாம் வருஷம் ஒரு நாள் ஃபார்மலின் தீர்ந்துபோய், சேறு உயிரோடு வந்தது. தட்டில் பரப்பிக் குச்சிகளை ஓரத்தில் ஒதுக்கினேன். ஒதுக்கிய குச்சி ஒன்று நடந்து நடுவுக்கு வந்தது. பின்னாலேயே இன்னொன்று. தட்டு முழுக்க வீட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்தன. பெயரை வேறு யாரும் வைக்கவில்லை, நான்தான் வைத்தேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன்.

"சார், குச்சி நடக்குது."

குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எந்த இடத்துச் சேறு?"

"அஞ்சாம் இடம். இத்தனை நாளும் இதைத்தான் சார் வெளியே போட்டிருக்கேன்."

"புத்தகம் அச்சுக்குப் போயாச்சும்மா." தட்டை என் பக்கம் தள்ளினார். "குச்சி குச்சியாவே இருக்கட்டும். மிச்சத்தை இனிமே ஜாடியில வைக்காதே, பின்னால குழியில கொட்டிடு." நான் கதவருகே போனதும் கூப்பிட்டார். "உன் ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. பாத்துக்கறேன்."

அடுத்த வாரம் நிரந்தர உத்தரவு வந்தது. ஆறு வருஷமாக நான் அலைந்த உத்தரவு. வாங்கிக்கொண்டேன்.

மூன்று வருஷம் தெரிந்தே ஒதுக்கினேன். எட்டாம் வருஷம் குழாய்க்காக எண்ணிக்கை கேட்டார்கள். பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு நேரே பூஜ்யம் போட்டது என் கை. ஒன்பதாம் வருஷம் குழாயைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு தட்டில் வந்த குச்சி குச்சிதான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பனிடம்கூட. சொல்லாமலேயே போய்விடலாம் என்றிருந்தேன். நீ விடவில்லை.

இப்போது நான் கேட்பதைச் செய். அந்த வரியை அடி. பொய்சொல்லி என்று எழுது. வேலைக்காக ஆற்றை விற்றவள் என்று எழுது, தாங்கிக்கொள்வேன். பயிற்சியற்றவள் என்று எழுதாதே. தெரியாமல் விட்டவள் அல்ல, தெரிந்தே விட்டவள் என்று என் பெயரைப் போட்டு எழுது, இனிஷியலோடு.

குழுவின் விசாரணைக்கு நானே போகிறேன். பொதுமக்கள் யாரும் பேசலாம் என்று பேப்பரில் போட்டிருக்கிறது.

அத்தை


டிசம்பர் 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். உடனே எழுத வரவில்லை. மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா?

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டேன். "செத்தவர் மேல பழி போட ஒரு பழைய ஊழியரோட பேச்சு மட்டும்தான் ஆதாரமா?" என்றார். அடுத்த மாதம் புதுக் கட்டடத்துக்குப் பெரிய சாரின் பெயரை வைக்கிறார்கள். ஆய்வேடு பைண்டிங் முடிந்து போய்விட்டது. திருத்த வேண்டுமானால் திரும்பப் பெற்று அடுத்த வருஷம்தான் கொடுக்க முடியும். வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

என்னால் அந்த வரியை எடுக்க முடியவில்லை. ஆனால் விசாரணை அன்று கட்டாயம் வருவேன். உங்கள் பக்கத்தில் உட்காருவேன். யாராவது கேட்டால் நீங்கள் யார் என்று நான் எழுந்து சொல்வேன்.

சத்தியமாக வருவேன்.
மருமகள்


டிசம்பர் 27

தம்பி மகளுக்கு,

நீ நலம் என்று உன் அப்பன் சொன்னான். வாய்மொழித் தேர்வில் முதலிடமாம். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நானும் நலம்.

பதினெட்டாம் தேதி விசாரணை நடந்தது. உன்னிடமிருந்து கடிதம் வரும் என்று ஒன்பது நாள் பார்த்தேன். வராததால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

ஜன்னல் இல்லாத ஒரு கூட்ட அறை. நாற்காலிகளில் பாதி காலி. எனக்குப் பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன், யாரும் உட்கார்ந்துவிடாமல். உனக்கு எழுதியதை அப்படியே அவர்கள் முன்னால் சொன்னேன். குச்சி நடந்தது, பெரிய சார் சொன்னது, நான் போட்ட பூஜ்யம், ஒன்றையும் மறைக்கவில்லை. தலைவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். நம்பினார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு பட்டறைக்காரர்களின் வக்கீல் எழுந்தார். கையில் உன் ஆய்வேடு. மஞ்சள் தாள் ஒட்டிவைத்திருந்தார்.

"என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"எட்டாவது."

"பூச்சிகளைப் பத்தி ஏதாவது பயிற்சி, சான்றிதழ்?"

"முப்பத்தொரு வருஷம் தட்டுல பார்த்திருக்கேன்."

"சமையல்கூடத்துலயும் தட்டு இருக்கும்மா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அப்புறம் நாற்பத்தேழாம் பக்கத்தை வாசித்தார், நிறுத்தி நிறுத்தி. வாசித்துவிட்டுத் தலைவரைப் பார்த்துச் சொன்னார்: "இது நான் சொல்றது இல்லைங்க. அந்தத் துறையே இந்த வருஷம் எழுதினது. பயிற்சி இல்லாதவங்க அன்னைக்கு இல்லைன்னாங்க, இன்னைக்கு இருந்துச்சுங்கறாங்க. அந்த ஜாடி மேல லேபிள் எழுதினதும் இதே கைதான். எதை நம்பறது?"

நான் எழுந்தேன். "எனக்குத் தெரியும் சார். ஒவ்வொண்ணும் தெரியும்."

தலைவர் நல்ல மனிதர்தான். மெதுவாகத்தான் கேட்டார். "உங்களுக்குத் தெரியும்னு சொல்றதுக்குத் துறையில யாராவது இருக்காங்களாம்மா?"

நான் கதவைப் பார்த்தேன். அவரும் திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார்.

ஐந்தாம் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதற்கு நம்பத்தக்க பதிவு எதுவும் இல்லை என்று தீர்மானம். இரண்டாவது குழாய்க்கு அனுமதி. ஆற்றில் இருந்த உன் ஆயிரத்து எழுபதும் மறுபடி குப்பைக்குப் போயின. இந்த முறை ஒதுக்கியது என் கை அல்ல.

ஜூலையில் நீ கேட்டபோதே நான் பதில் எழுதியிருந்தால் அந்த வரியை எழுத உனக்கு அவசியம் வந்திருக்காது. அது என் பங்கு. அதை யாரிடமும் மறுக்க மாட்டேன். உன் பங்கை நான் சுமக்க மாட்டேன்.

நீ ஏன் வரவில்லை என்று கேட்கப்போவதில்லை. கேட்டதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவாய். அதை நீ கற்றுக்கொண்டது என்னிடம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அத்தை